நகர முத்திரை விழுந்த கடிகாரம்

கிட்ட வாருங்கள், செல்லங்களா. கதவோரத்தில் இருக்கிறவர்கள் அதைச் சாத்திவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதை கேட்கும்போது ஒருவர் தோள் ஒருவருக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும். ஒரே காலையில் காலியாகவும் ஆகி, நிறைந்தும் போன ஒரு வீட்டின் கதையை இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். பயப்பட வேண்டிய இடம் ஒன்று வரும், அங்கே என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடத்திவிடுகிறேன்.

நம் தாத்தாவுக்கும் தாத்தா காலம். அப்போதெல்லாம் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு நகரசபையில் உதவி கொடுப்பார்கள். உடனே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அதற்கென்று ஒரு குழு, ஒரு தலைவர், ஓர் எழுத்தர், கட்டில் பலகை அகலத்துக்கு ஒரு பதிவேடு. உதவி கேட்டவருக்கு அதில் ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். பிறகு மேற்பார்வையாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து, என்னென்ன பொருள் இருக்கிறதென்று ஒன்று விடாமல் எழுதுவார். விலைபோகும் பொருள் எதையாவது கண்டால் அதன் மீது கறுப்பு மையில் நகர முத்திரையைக் குத்திவிடுவார். குத்தியபின் அதை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, சபை சொல்லும்வரை இடம் மாற்றவும் கூடாது.

அந்த மேற்பார்வையாளருக்குத் தெருவில் குடைக்காரர் என்று பெயர். வெயிலோ மழையோ எதுவும் இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கண்ணால் கண்டதை எழுதுவார், காணாததை எழுத மாட்டார். அவருடைய நல்ல குணமும் அதுதான், அவரோடு இருந்த தொல்லையும் அதுதான்.

சபை மூன்று விதமாகத் தீர்ப்புச் சொல்லும். வீட்டில் பொருள் அதிகம் இருந்தால், ‘இதை விற்றுச் சாப்பிடு’ என்று அனுப்பிவிடும். வீடு கட்டுசெட்டாக, ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தால், வீட்டுக்கே மாவும் கரியும் வரும். வீடு சீர்கெட்டுக் கிடந்தால், ‘இவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது’ என்று எழுதி, ஊர் எல்லையில் இருந்த ஏழை விடுதிக்கு அனுப்பிவிடும். அங்கே சாப்பாடு உண்டு, கூரை உண்டு. ஆனால் தாய் ஒரு கூடத்தில், பிள்ளைகள் வேறொரு கூடத்தில். நடுவில் பூட்டிய கதவு.

அந்தக் கதவைப் பற்றி எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் நம் மெத்தைக்காரி.

ஊரில் பாதிப் பேர் அவள் தைத்த மெத்தையில்தான் தூங்கினார்கள். பஞ்சை அடித்து, உறைக்குள் மூலை முடுக்கெல்லாம் திணித்து, முழங்கை நீள ஊசியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்து, பஞ்சு நகராதபடி இறுக்கி முடிச்சுப் போடுவாள். அந்த இழுப்பில்தான் தொழிலே இருக்கிறது. மணிக்கட்டில் பலம் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் மெத்தை, மலையும் பள்ளமுமாகிவிடும். விடுதிக்கும் ஒரு தடவை அவள் தைத்துக் கொடுத்திருக்கிறாள். பெரிய அளவு மெத்தைகள் ஒரு கூடத்துக்கு, சின்னச் சின்ன மெத்தைகள் இன்னொரு கூடத்துக்கு என்று தனித்தனியாகக் கட்டித் தரச் சொன்னார்கள். அந்தச் சின்ன மெத்தைகளைத் தைக்கும்போது ஏனோ அவளுக்கு ஊசி விரலில் குத்திக்கொண்டே இருந்ததாம்.

அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள். கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் அவளே அம்மா, அவளே அப்பா. ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டு மாடியிலிருந்து மெத்தையைச் சுமந்து இறங்கும்போது படி தவறி விழுந்தாள். மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு ஒடிந்துபோயிற்று.

எலும்பு கட்டுகிறவர் மரப்பட்டை வைத்துக் கட்டி, “குளிர்காலம் போகட்டும். அதுக்கு முன்னாடி ஊசியைத் தொட்டே, அப்புறம் இந்தக் கை உனக்கில்ல” என்று சொல்லிவிட்டார்.

இருந்ததை வைத்துச் சமாளித்தாள். முடியாமல் போனபோது, தலையை வாரிக்கொண்டு நேரே நகரசபைக்குப் போய்த் தன் பெயரை எழுதச் சொன்னாள். அழவில்லை, கும்பிட்டு விழவில்லை. எழுத்தர், “கணவர்?” என்றார். “இல்ல.” “சொத்து?” “ரெண்டு பொண்ணு.” எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அதை வேற இடத்துல எழுதணும்மா” என்றார். புதன்கிழமை முற்பகல் மேற்பார்வையாளர் வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

செய்தி அவளுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அவள் வீட்டுக்கு எதிரே ரொட்டி அடுமனை. அதை நடத்தியவளை எல்லாரும் ரொட்டியக்கா என்பார்கள். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. பக்கத்து வீட்டில் தையற்காரர். ஒற்றை ஆள், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. அவரிடம் ஓர் ஊசல் கடிகாரம் இருந்தது. சுவரில் மாட்டுகிற, கண்ணாடிக் கதவு வைத்த, மணி அடிக்கிற கடிகாரம். அதற்குச் சாவி கொடுக்கும் உரிமை இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான். சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்.

இந்த இரண்டு பேரும் மெத்தைக்காரியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்தார்கள். அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வேறு எல்லாவற்றிலும் இருந்தது.

“வீட்டுல ஒண்ணுமே இருக்கக் கூடாது. பொருளைப் பார்த்தா வித்துத் தின்னுன்னு துரத்திருவாங்க” என்றாள் ரொட்டியக்கா.

“என்னம்மா பேசறீங்க? வெறும் வீட்டைப் பார்த்தா, சீரழிஞ்ச குடும்பம்னு விடுதிக்கு எழுதிருவாரு. வீடு கௌரவமா இருக்கணும்.”

“கௌரவத்தை வேகவச்சுத் திங்க முடியுமா அண்ணே?”

“உங்க ரொட்டியை மட்டும் திங்க முடியுதாக்கும்.”

அதோடு பேச்சு அறுந்துபோயிற்று. இனி ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்ற முடிவு. ரொட்டியைப் பற்றிச் சொன்னபின் ரொட்டியக்காவிடம் சமாதானம் எப்படி வரும், நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை விடிந்ததும் மெத்தைக்காரி பெண்களையும் கூட்டிக்கொண்டு கட்டு மாற்றப் போனாள். குடைக்காரர் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. வீட்டைப் பூட்டவில்லை, அந்தத் தெருவில் பகலில் யாரும் பூட்டுவதில்லை.

அவள் தலை மறைந்ததும் ரொட்டியக்கா கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே போனாள். கட்டில், அதன் மேல் இருந்த மெத்தை, போர்வை, செம்புப் பாத்திரம், வாணலி, முக்காலி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தன் அடுமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அறையைப் பெருக்கியும் விட்டாள். “இப்ப பாருங்க, கல்லும் கரையும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வர, ஓடிவிட்டாள்.

சற்றுப் பொறுத்துத் தையற்காரர் வாசல் கதவைத் திறந்தார். ஒரு ஜன்னல் திரையைத் தொங்கவிடலாம் என்றுதான் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். “அட கடவுளே, படுக்கிற கட்டிலைக்கூட வித்துட்டாளா! ஒரு வார்த்தை சொல்லலையே!” கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். சரிகை வைத்த திரையைக் கொண்டுவந்து மாட்டினார். அளவு கொடுக்க வரும் பெரிய மனிதர்கள் உட்காரும் வெல்வெட் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அப்போதும் மனசு ஆறவில்லை. திரும்பிப் போனவர் வெகுநேரம் தன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவள் சுவரில் மாட்டினார். சாவி மட்டும் பழக்கத்தில் சட்டைப் பைக்கே திரும்பிவிட்டது.

மெத்தைக்காரி திரும்பி வரும்போது குடைக்காரர் வாசலில் நின்றார். சேர்ந்தே உள்ளே நுழைந்தார்கள்.

சின்னவள்தான் முதலில் பேசினாள். “அம்மா, நம்ம வீடு எங்க?”

உட்கார ஒரு நாற்காலி, ஆட ஒரு திரை, அடிக்க ஒரு கடிகாரம். படுக்கக் கட்டில் இல்லை, சமைக்கப் பாத்திரம் இல்லை. குடைக்காரர் அறையைச் சுற்றி வந்தார். பெரியவள் அம்மாவின் நல்ல கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“உன் தொழில் என்னம்மா?”

“மெத்தை தைக்கிறதுங்க.”

“மெத்தை எங்க?”

அவளுக்கே தெரியாதே! குடைக்காரர் கண்டதை எழுதினார். பதிவேட்டின் அந்தப் பக்கம் இன்னமும் நகரசபைக் கட்டடத்தில் இருக்கிறது; யார் போய்க் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். ‘கட்டில் இல்லை. படுக்கை இல்லை. சமையல் பாத்திரம் இல்லை. சரிகைத் திரை உண்டு. வெல்வெட் நாற்காலி உண்டு. ஊசல் கடிகாரம் உண்டு, நல்ல நிலையில்.’ எழுதி முடித்ததும் பையிலிருந்து முத்திரையை எடுத்து, கடிகாரத்தின் அடிப்பலகையில் ஓங்கிக் குத்தினார். அந்த நேரம் பார்த்து அது மணி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ “ஐயோ” என்றது கேட்டது. தையற்காரர்தான்.

கடைசி வரியையும் குடைக்காரர் அங்கேயே எழுதினார். ‘பிள்ளைகளின் படுக்கையை விற்றுவிட்டுக் கடிகாரத்தை வைத்திருக்கிறாள். குடும்பம் நடத்த அறியாதவள். விடுதிக்கு அனுப்புவது பிள்ளைகளுக்கு நலம்.’ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவது விதி. படித்துக் காட்டினார். மறுநாள் சபைக்கு வரச் சொல்லிவிட்டு, போகிற வழியில் ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

“கடிகாரத்தைக் கொண்டாந்து மாட்டச் சொல்லி உங்களை யாரு கேட்டா?”

“கட்டிலைத் தூக்கிட்டுப் போகச் சொல்லி உங்களை யாரு கேட்டா? நான் வித்துட்டாளோன்னு பதறிப் போய்ட்டேன்!”

“வெல்வெட்டு நாற்காலி! ஏன், பல்லக்கு கிடைக்கலியா?”

“ரெண்டு பேரும் உட்காருங்க” என்றாள் மெத்தைக்காரி. உட்கார ஒரே நாற்காலிதான் இருந்தது. இரண்டு பேரும் நின்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“மாமா, அக்கா, உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. நாளைக்கு சபைக்கு வந்து, எது யாருதுன்னு சொல்லிருங்க. அது போதும்.”

இரண்டு முகமும் தொங்கிப்போயின. பொருளை மறைத்தால் அபராதம் என்று ரொட்டியக்காவுக்குத் தெரியும்; கட்டிலைத் தெருவழியே திருப்பித் தூக்கி வந்தாலே மாட்டிக்கொள்வாள். மாவு வாங்கிய கடனிலேயே அடுமனை தள்ளாடிக்கொண்டிருந்தது. தையற்காரருக்கு வேறு பயம். சபைக் கூடத்து வாசலில் ஒருவரைப் பார்த்துவிட்டால், உதவி கேட்டுப் போனார் என்று ஊர் பேசும். அவரிடம் துணி தைக்கக் கொடுக்கும் பெரிய மனிதர்கள் அப்புறம் வருவார்களா?

மெத்தைக்காரி இரண்டு பேரையும் பார்த்தாள். “சரி, வர முடியலைன்னா விடுங்க. கடிகாரம் என்னுதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். யாருதுன்னு உங்க பேரையும் சொல்ல மாட்டேன். எனக்குப் பேசத் தெரியும், பார்த்துக்கறேன்.”

மறுநாள் காலையில் பெண்களுக்குத் தலை பின்னக்கூட அவளால் முடியவில்லை. பெரியவள் சின்னவளுக்குப் பின்னிவிட்டாள். மூன்று பேரும் நிமிர்ந்து நடந்து போனார்கள்.

சபைக் கூடத்தில் உதவி கேட்பவர்கள் நிற்க வேண்டும். குழுவினர் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைப் படித்தார்.

“கடிகாரம் உன்னோடதா?”

“இல்லைங்க.”

“பின்னே யாரோடது?”

“நல்லவங்களோடதுங்க.”

“பேர்?”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“கட்டில் எங்கே?”

“அதுவும் நல்லவங்க கிட்டதாங்க இருக்கு.”

குழுவில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. “பதில் சொல்லாம நின்னா எழுதினபடிதான் முடிவாகும். வண்டி வாசல்லயே இருக்கு” என்றார். விடுதி வண்டி. செல்லங்களா, நான் சொன்ன இடம் இதுதான், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னவள் அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. அவள் விடுவிக்கவில்லை.

“ஐயா, விடுதி மெத்தை எல்லாம் நான் தைச்சதுதான். சின்ன மெத்தை எந்தக் கூடத்துல, பெரிய மெத்தை எந்தக் கூடத்துல, நடுவுல எந்தக் கதவுன்னு எனக்குத் தெரியும். என் பிள்ளைங்களை நான் தைச்ச மெத்தையில என் பக்கத்துலதான் படுக்க வைப்பேன். எனக்கு ஒடிஞ்சது கைதாங்க. குடும்பம் ஒடியல.”

அப்போது வாசலில் பெரிய சத்தம். கதவில் ஏதோ இடித்தது, இன்னொரு தரம் இடித்தது, பிறகு ஒரு கட்டில் கால் உள்ளே வந்தது. கட்டிலின் மறுமுனையில் ரொட்டியக்கா, முகமெல்லாம் மாவு. கட்டில்மேல் மெத்தை, மெத்தைமேல் செம்புப் பாத்திரம்.

“இது அவளோடதுங்க. நான்தான் எடுத்துட்டுப் போனேன். ஏழையா தெரியட்டும்னு.”

“பொருளை மறைச்சது குற்றம்னு தெரியுமா?” என்றார் தலைவர்.

“எங்கங்க மறைச்சேன்? என் கடைக்குள்ள பப்பரப்பான்னு கிடந்துச்சே! உங்க குடைக்காரரு ரொட்டி வாங்கறப்ப இந்தக் கட்டில் மேலதான் குடையைச் சாத்தி வச்சாரு. கேளுங்க.”

எல்லாரும் குடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் குடையைப் பார்த்தார். “சாத்தினேன்” என்றார். கண்டதைச் சொல்கிற மனிதர் அல்லவா!

கட்டிலுக்குப் பின்னால் தையற்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் வந்தது வீரத்தால் என்று சொல்ல முடியாது. விடிகாலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டே இருந்தாராம். சாவி கொடுக்க ஆள் இல்லாமல் கடிகாரம் நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் ஒரு தையல் போட அவரால் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“கடிகாரம் என்னோடதுங்க. சாவி இதோ. நாற்காலியும் திரையும்கூட என்னோடதுதான். மரியாதையா தெரியட்டும்னு மாட்டினேன்.” அவர் குரல் கூடத்தின் கடைசிவரை கேட்டது.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “ஆக உனக்குத் தெருவே இருக்கு. தெரு தாங்கும்போது நகரம் எதுக்கு?”

மெத்தைக்காரிக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். “இரவல் கொடுக்க ஆள் இருக்காங்கய்யா. அதுக்கு மேல அவங்ககிட்டயும் இல்ல. அக்காவே மீந்துபோன ரொட்டியைத்தான் சாப்பிடறாங்க. மாமாவோட கடிகாரத்தை என் பிள்ளைங்க கடிக்க முடியாது. குளிர்காலம் முடியிற மட்டும் மாவும் கரியும் கொடுங்க. கை கூடினதும் விடுதியில பள்ளம் விழுந்த மெத்தையெல்லாம் பிரிச்சுத் தைச்சுத் தரேன். எந்த மெத்தை முதல்ல பள்ளம் விழும்னுகூடச் சொல்லுவேன், கதவோரத்துல இருக்கறது. அங்கதான் தாய்மாருங்க உட்கார்ந்துட்டே இருப்பாங்க.”

தலைவர் எழுத்தர் பக்கம் திரும்பி, “திருத்தி எழுதும்” என்றார்.

எழுத்தர் தயங்கினார். அவருடைய கவலை வேறு. “ஐயா, பதிவேட்டுல அடிச்சு எழுதக் கூடாதுன்னு விதி. அவளோடது இல்லாத பொருளை நான் எங்கே எழுதறது?”

“ஓரத்துல ஒரு கோடு போடும். அதுக்குத் தலைப்பு ‘இரவல்’னு எழுதும்” என்றார் தலைவர்.

எழுத்தர் அளவுகோலை வைத்துக் கோடு போட்டார். கடிகாரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. நாற்காலி போயிற்று. திரை போயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டில் வந்தது, மெத்தை வந்தது, செம்புப் பாத்திரம் வந்தது. எழுதி முடித்தபோது பக்கத்தில் ஒரு சுத்தமான, வறுமையான, ஒழுங்கான வீடு இருந்தது.

குடைக்காரர் எட்டிப் பார்த்தார். “இது நான் பார்த்த வீடு இல்லையே.”

“நீர் பார்த்தது வீட்டை இல்லைய்யா, தெருவை” என்றார் தலைவர். அப்போதுதான் சிரித்தார்.

குளிர்காலம் முழுக்க வீட்டுக்கே மாவும் கரியும் வந்தன. விடுதி வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. ரொட்டியக்காவுக்கு அபராதம் இல்லை, திட்டு மட்டும். அதை அவள் கால் தூசியாகக்கூட மதிக்கவில்லை. தையற்காரரின் கடிகாரத்தில் விழுந்த முத்திரையை மட்டும் எதைப் போட்டுத் தேய்த்தும் அழிக்க முடியவில்லை. அளவு கொடுக்க வந்த பெரிய மனிதர்கள், “இதென்ன, நகர முத்திரை?” என்று கேட்டால், முதலில் மென்று விழுங்கினார். பிறகு கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கதை கேட்பதற்கென்றே பித்தான் தைக்க வந்தவர்கள் உண்டு. அவரும் ரொட்டியக்காவும் மறுபடி பேசிக்கொண்டார்கள், பேசியதெல்லாம் சண்டைதான்.

கை கூடியது. வாக்குக் கொடுத்தபடி விடுதி மெத்தைகளைப் பிரித்துத் தைத்தாள். கதவோரத்து மெத்தையில் இரண்டு பங்கு பஞ்சு வைத்தாள்.

அடுத்த ஆண்டுப் பதிவேட்டை அச்சடித்தபோது, எல்லாப் பக்கத்திலும் ‘இரவல்’ என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஏழை வீட்டில் குடைக்காரர் எதைக் கண்டாலும், “யாரு கொடுத்தது?” என்று ஒரு வார்த்தை கேட்பாராம். இன்றைக்கும் போய்ப் புரட்டிப் பாருங்கள். யாரோ ஒரு கூடை முடைகிறவர் வீடு, யாரோ ஒரு வண்டிக்காரர் வீடு, பிரசவித்த ஒரு பெண்ணின் வீடு. வலப்புறப் பத்தியில் திரும்பத் திரும்ப ஒரே வரி வரும்: ‘மெத்தை, இரவல். கொடுத்தவர், மெத்தைக்காரி.’ உதவி கேட்டவளாக அவள் இருப்பது ஒரு பக்கத்தில்தான். கொடுத்தவளாக இருக்கும் பக்கங்களைப் புரட்டினால் விரல் வலிக்கும்.

அவ்வளவுதான் செல்லங்களா. மெதுவாக எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் இரவல் கொடுக்க எப்போதும் ஒரு பொருள் இருக்கட்டும். கேட்க வெட்கப்படாத அண்டை வீடும் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், கை நோகாமல், உங்கள் பிள்ளைகள் உங்கள் பக்கத்திலேயே படுத்து நிம்மதியாகத் தூங்கட்டும். நன்றாக இருங்கள்.